கண்டக்டரின் ஈறுகள்

வெள்ளைக் கொய்யாப்பழம் அது. என் வீட்டுக்காரர் ஒரு கடி கடித்துவிட்டுக் கையில் வைத்திருந்தார். கடித்த இடத்தில் ரத்தம் இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் பழத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

“இது உள்ள செவந்த கொய்யா, டீச்சர்,” என்றார்.

எங்கள் மகள் திருச்சியில் காலேஜில் படிக்கிறாள். இத்தனை வருஷம் கூடவே குடும்பம் நடத்தியவளிடம் இப்படி ஒரு பொய்யைக் கூசாமல் சொல்ல அவரால்தான் முடியும். நான் பழத்தைப் பிடுங்கி மறுபக்கத்தில் கடித்துக் காட்டினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. “இதுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அவர் தனியார் பஸ் கண்டக்டர். பொன்னமராவதிக்கும் புதுக்கோட்டைக்கும் நாள் முழுக்கப் போய்ப் போய் வருகிற வண்டி. நான் பொன்னமராவதியிலேயே ஒரு நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வீட்டிலும் அவருக்கு நான் டீச்சர்தான். கல்யாணமான புதிதில் கேலிக்காகக் கூப்பிட்டது, அப்படியே நிலைத்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வீட்டிலேயே வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவேன் என்பதால் நானும் ஆட்சேபிக்கவில்லை.

கொய்யாவுக்கு முன்னாலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரிக்கிற மனுஷன் உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கியிருந்தார். சட்டைப் பையில் சில்லறையோடு கிராம்பும் கிடந்தது. முகம் பார்த்துப் பேசுகிறவர், அடுத்த அறையில் இருந்துகொண்டு சத்தமாகப் பேசினார். படுக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று நான் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டு, அதற்காக அவர் மேல் சின்னச் சின்னதாகக் கோபப்பட்டுக்கொண்டும் இருந்தேன். பாவம், வாய் நாற்றம் எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் பட்ட பாடு அது.

அன்று மாலை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். திறக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஈறுகள் வீங்கிச் சிவந்து, பல்லைவிட்டு விலகி நின்றன. பற்களின் அடியில் மஞ்சளும் பழுப்புமாகக் காரை படிந்திருந்தது. விசாரித்தபோது உண்மை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எப்போதோ ஒருநாள் இடது பக்கம் பிரஷ் பட்டு ரத்தம் வந்ததாம். புண்ணான இடத்தைத் தேய்த்தால் புண் பெரிதாகும் என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டாராம். பிறகு வலது பக்கம் வந்தது, அதையும் விட்டார். கடைசியில் பிரஷ்ஷையே விட்டுவிட்டு, விடியற்காலை முதல் ட்ரிப்புக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு குழாயடியில் நின்று விரலால் சிவப்புப் பற்பொடியைத் தொட்டு முன்னாலிருக்கும் பற்களை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

“பயணிங்களுக்கு முன்பல்லுதானே தெரியுது?” என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பல் விளக்கும் பாடம் எடுக்கிறவள். ரெண்டு கைக்கும் அடங்காத ஒரு பிளாஸ்டிக் பல் செட்டும், அதற்கேற்ற ராட்சச பிரஷ்ஷும் எங்கள் வகுப்பில் உண்டு. நாற்பது பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து ‘குட்’ சொல்கிறவள் வீட்டில் இப்படி ஒரு வாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, அதனால் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் மெதுவாக ஒன்று சொன்னார். நமணசமுத்திரத்தில் ஏறிய ஒரு காலேஜ் பெண்ணிடம் எங்கே போகணும் என்று கேட்கக் குனிந்தாராம். அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

“நம்ம புள்ள வயசுதான் டீச்சர் இருக்கும்,” என்றார். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

அந்த வாரமே புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். கீழ ராஜ வீதியில் ஒரு மாடியில் பல் டாக்டர். சின்ன வயதுப் பெண். என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே தன் நிபந்தனைகளைச் சொல்லிவிட்டார். மேல் பல்லைப் பிடுங்கக் கூடாது, கண் நரம்பு போய்விடும். கிளீன் பண்ணக் கூடாது, பண்ணினால் எல்லாப் பல்லும் ஆடும். இதெல்லாம் அவருடைய வண்டி டிரைவர் சொல்லி அனுப்பிய மருத்துவம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உலகத்து நோய் எல்லாவற்றுக்கும் மருந்து சொல்கிற மனுஷன் அவர்.

அந்த டாக்டர் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. “ஆடுற பல்லை இத்தனை நாளா இந்தக் காரைதான் புடிச்சு வெச்சிருக்கு, சார். அதை எடுத்தா ஆட்டம் தெரியத்தான் செய்யும். ஆட வெச்சது நாங்க இல்ல,” என்றது. பிறகு கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தது. நல்ல ஈறென்றால் கம்பியின் நுனியோடு நின்றுவிட வேண்டுமாம். இவருக்குப் பாதிக்கும் மேல் உள்ளே போயிற்று. சில இடங்களில் சீழ் வந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“தண்ணி தாகம் ஜாஸ்தியா இருக்கா, சார்? ராத்திரி அடிக்கடி எந்திரிக்கிறீங்களா?”

“நிக்காம ஓடுற வேலை. தாகம் எடுக்கத்தானே செய்யும்,” என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தது. “வீட்ல யாருக்காவது சுகர் இருக்காங்கம்மா?” என்று கேட்டது. நான் பதில் சொல்லுமுன்பே அவர் நாற்காலியிலிருந்து காலைக் கீழே போட்டுவிட்டார்.

“ஈறு இவ்வளவு வீங்கிச் சீழ் வைக்குதுன்னா சுகர் இருக்கான்னு பாத்தே ஆகணும்,” என்று டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னது. “சுகர் இருந்தா ஈறு ஆறாது. ஈறு ஆறலைன்னா சுகரும் கட்டுக்கு வராது. ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே போகும். டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, அப்புறம் நான் ஈறைச் சுத்தம் பண்றேன். அதுவரைக்கும் ரத்தம் வந்தாலும் பிரஷ்ஷை நிறுத்தாதீங்க.”

ரத்தப் பரிசோதனைச் சீட்டை அவர் தன் தோல் பைக்குள் டிக்கெட் மிஷினுக்கு அடியில் செருகிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பயணியாக உட்கார்ந்து வருவது அவருக்கு எப்போதுமே பிடிக்காது, அதனால் நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

சுகர் என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்காது. காரணம் அவருடைய அண்ணன். அண்ணனுக்கு முதலில் கால் விரல் போயிற்று, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். எடுத்த காலை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்களாம், கையெழுத்துப் போட்டு வாங்கி அடக்கம் செய்யக் கொடுத்ததும் இவர்தான். வைத்தியச் செலவுக்குப் பம்புசெட்டோடு நிலம் போனது. கடைசியில் அண்ணனும் போய்விட்டார். அதிலிருந்து அந்த நோயை இவர் ‘அது’ என்றுதான் சொல்வார். ‘அவனுக்கு அது இருக்காம்’ என்று யாரைப் பற்றியாவது சொல்வார். எனக்குப் புரிந்துவிடும்.

சீட்டு பையிலேயே கிடந்தது. நான் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்பார். திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை கணவரை வீட்டுக்கு வரவழைத்தார். எனக்கு அண்ணன் முறை, அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். விவசாயத்தோடு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையும் பார்க்கிறவர். குடும்பத்துக்கே சேர்த்து ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறோம் என்றார் இவர். அரிசி வாங்கும் பையில் ஓட்டை இருந்தால்கூட நான் சொல்லித்தான் கவனிக்கிற மனுஷனுக்கு எங்கிருந்து இவ்வளவு முன்யோசனை வந்தது என்று நான் காபி போட்டுக்கொண்டே யோசித்தேன்.

எனக்குத்தான் சம்பளக் கணக்கு பேங்கில் ஒழுங்காக இருக்கிறது. அதனால் விண்ணப்பம் என் பெயரில். இப்போதெல்லாம் காகிதம் கிடையாது, எல்லாம் மொபைலிலேயே. அண்ணன் கேள்விகளை வாசித்துக்கொண்டே கட்டை விரலால் ‘இல்லை’ ‘இல்லை’ என்று தொட்டுக்கொண்டு போனார். யாருக்காவது டாக்டர் ஏதாவது பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்ற கேள்வி வந்தது.

“அதுல கொஞ்சம் நில்லுங்கண்ணே,” என்றேன்.

“பல்லு டாக்டர் சொன்னதெல்லாம் இதுல வராதும்மா. பல்லுக்கு இந்தப் பாலிசியில ஒண்ணும் கெடைக்கவும் செய்யாது,” என்றார் அண்ணன்.

“அவங்க எழுதிக் குடுத்தது பல்லு டெஸ்ட் இல்லையே?”

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. பாலிசி கைக்கு வரட்டும், பிறகு ரத்தப் பரிசோதனை. அதுதான் திட்டம்.

“இன்னைக்கு எடுத்து இருக்குன்னு வந்துச்சுன்னா பாலிசி குடுக்க மாட்டான். வாங்கி வெச்சுட்டு எடுத்தோம்னா, இருக்குன்னாலும் ஒரு தைரியம்ல? எங்கண்ணன்கிட்ட ஒரு பாலிசி இருந்திருந்தா நெலத்தை வித்திருக்க வேணாம்,” என்றார் அவர்.

அவர் சொன்னது எனக்குப் புரியாமலில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் நானும். ஆனால் இவர் தள்ளிப் போடுகிற ஒவ்வொரு வாரமும் அந்தக் கம்பி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. போகிற பல் போகட்டும். ஈறு சொல்லுகிற சேதியைக் கேட்காமல் விட்டால் காலை இழந்த தன் அண்ணன் போன வழியில் இவரும் போய்விடுவார் என்பதுதான் என் பயம். இதை அவரிடம் நல்லவிதமாகச் சொல்லியிருக்கலாம். நான் கத்தினேன். அவரும் கத்தினார். நடுவில் ஏஜென்ட் அண்ணன் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

“கம்பெனியில இருந்து ஒங்களுக்குப் போன் வரும்மா. அவங்க கேட்டுப் பதிவு பண்ணிக்கிறதுதான் கடைசி. அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் பேசி முடிவுக்கு வரவில்லை. போன் வந்த அன்று அவருக்கு டியூட்டி இல்லை, எனக்குப் பள்ளி விடுமுறை. ஸ்பீக்கரில் போடு என்று சைகை காட்டினார். போட்டேன். பேசியது ஒரு பெண், தெளிவான தமிழில் நிதானமாகக் கேட்டது. பெயர், வயது, முகவரி எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கணவருக்கு ஏதாவது நோய் இருக்கிறதா, சமீபத்தில் எந்த டாக்டரையாவது பார்த்தாரா என்று கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கையை ஆட்டினார். வண்டியில் இடமில்லை, அடுத்த பஸ்ஸில் வாங்க என்று ஸ்டாப்பில் நிற்பவர்களுக்குக் காட்டுவாரே, அதே கை.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒரு பக்கம் லேசாக வீங்கியிருந்தது. காலையில் இட்லியைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றார்.

“ஈறு நோய் இருக்குங்க. பல்லு டாக்டரைப் பாத்தோம். சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. இன்னும் எடுக்கலை,” என்றேன்.

“நீங்க சொல்றது பதிவாகுது, மேடம்.”

“பதிவாகட்டும்மா.”

நான் போனை வைத்தேன். அவர் எழுந்து நின்றுகொண்டு, “டிக்கெட் எடுக்காதவனைக்கூட நான் இப்படி நாலு பேரு முன்னால காட்டிக் குடுத்ததில்ல,” என்றார்.

“அவன் அடுத்த ஸ்டாப்ல எறங்கிப் போயிருவான். என்னால ஒங்களை எறக்கி விட முடியாது,” என்றேன். “பாலிசி வந்து நீங்க இல்லைன்னா அதை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ணுவேன்? எனக்கு நீங்க வேணும். பல்லு இல்லாட்டியும் பரவாயில்ல, வேணும்.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை நிறையப் பாகற்காய்.

கம்பெனியிலிருந்து அதற்குள் ஏஜென்ட் அண்ணனுக்குச் சொல்ல, அவர் இவருக்குப் போனில் சொல்லியிருந்தார். புதுக்கோட்டையில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை, பத்து நாள் கழித்துத் தேதி. தேதியைக் கேட்டதும் இவருக்கு முகம் தெளிந்துவிட்டது. அதற்குக் காரணம் புரிய வேண்டுமானால் கண்டக்டர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எதிரே வருகிற பஸ் டிரைவர் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தால், முன்னால் எங்கேயோ டிக்கெட் செக்கர் நிற்கிறார் என்று அர்த்தம். உடனே இவர் வண்டிக்குள் ஓடி, டிக்கெட் வாங்காமல் கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்து, மிஷினில் ஸ்டேஜை மாற்றி, எல்லாவற்றையும் நேர் பண்ணிவிடுவார். செக்கர் ஏறும்போது வண்டி கோயில் மாதிரி இருக்கும். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட மாட்டியதில்லை. ரத்தப் பரிசோதனையையும் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார். செக்கர் நிற்கிற இடமும் நாளும் தெரிந்துவிட்டது, வண்டியை நேர் பண்ணிவிட வேண்டியதுதான்.

டிரைவர் வைத்தியத்தின்படி காலையில் பாகற்காய்ச் சாறு, ஊற வைத்த வெந்தயம். மதியம் பாகற்காய்ப் பொரியல். இரவு பாகற்காய்க் குழம்பு, சோறு ஒரு கரண்டி. வீடே கசந்தது. டீயில் சர்க்கரை நின்றது. ட்ரிப்புகளுக்கு நடுவே புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தெரிந்தவர்கள் யாராவது கேட்டால் பர்ஸைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்றாராம். ரெண்டு பேர் கூடச் சேர்ந்து தேடியும் கொடுத்திருக்கிறார்கள்.

லேபில் வாயையும் திறந்து பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது எனக்குக் கிடைத்த நல்ல காலம். பல் விளக்கக் கற்றுக்கொடு என்று அவராகவே வந்து கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லி அந்தப் பிளாஸ்டிக் பல் செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையில் அவருக்கு நேரமில்லை, அதனால் வகுப்பு இரவுச் சாப்பாடு முடிந்ததும். கொல்லையில் லைட்டைப் போட்டு, கண்ணாடியை ஆணியில் மாட்டி, மிருதுவான ஒரு பிரஷ்ஷையும் பேஸ்ட்டையும் கையில் கொடுத்தேன். “பிரஷ்ஷைப் படுக்கப் போட்டு இழுக்காதீங்க. ஈறோட சேத்துச் சாய்ச்சுப் பிடிங்க. சின்னச் சின்ன வட்டமா. அப்புறம் ஈறுல இருந்து பல்லு நுனிக்குத் தள்ளுங்க,” என்று பிளாஸ்டிக் பல்லில் செய்து காட்டினேன். பின்னால் நின்று அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, ஒவ்வொரு மூலையாக விளக்க வைத்தேன். நுரையோடு “ரைட், ரைட்” என்பார். துப்பும்போது நுரை சிவப்பாக வரும். அதைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிடும். “வரட்டும், விடாதீங்க” என்பேன். மறுபடி விளக்குவார்.

பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னக்கா, ஒங்க வீட்ல இப்பவே விடிஞ்சிருச்சா?” என்று கேட்டாள். எங்கள் தெருவில் ராத்திரியில் பல் விளக்குகிற வீடு கிடையாது.

அந்தப் பத்து நாளும் நாங்கள் சண்டைக்காரர்கள்தான். பகலில் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அவர் தாடை என் கையில் இருக்கும் அந்த நேரம் மட்டும் எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. தலையில் நரை இத்தனை இருக்கிறதா என்று அப்போதுதான் பார்த்தேன்.

பரிசோதனை நாளில் வெறும் வயிற்றோடு முதல் வண்டியில் போனோம். ரத்தம் எடுத்த பெண்ணிடம் இவர் ரொம்பத் தெம்பாகக் கையை நீட்டினார். “இன்னைக்கு எவ்வளவு இருக்குன்னு சாயங்காலம் தெரியுமாம்மா?” என்று கேட்டார்.

“இன்னைக்கு உள்ளதும் தெரியும் சார், மூணு மாசத்துச் சராசரியும் தெரியும். ரெண்டும் எடுக்கச் சொல்லியிருக்காங்க.”

இவர் நீட்டிய கையோடு அப்படியே இருந்தார். “மூணு மாசத்துக்கு உள்ளதா? இந்த ஒரு ட்யூப்லயா?”

“ஆமா சார். நேத்து என்ன சாப்டீங்கன்றதெல்லாம் அதுல செல்லாது.”

வெளியே வந்ததும் என்னிடம், “அப்ப செக்கர் மூணு மாசமா வண்டிக்குள்ளயேதான் உக்காந்திருந்தாரா?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சண்டை தொடங்கியதிலிருந்து அவரும் அன்றைக்குத்தான் சிரித்தார். பிறகு சாயங்காலம் வரை ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றைய அளவு ஏறக்குறைய சரியாக இருந்தது. மூன்று மாதச் சராசரி சரியாக இல்லை. நிறையவே இருந்தது. லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“சுகர்தான், டீச்சர்,” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அங்கேயே பக்கத்தில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டோம். பயப்பட வேண்டிய கட்டத்துக்குப் போகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று அவர் சொன்னார். பல் டாக்டரும் அதையேதான் சொன்னது. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்க முடியாது, மற்றதையும் சொல்ல முடியாது என்றது. வாயை நாலு பாகமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாகமாக மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியிலிருந்த காரையையெல்லாம் சுரண்டி எடுத்தது. கடைவாய்ப் பல் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. அது மேல் பல். எடுத்து முடித்ததும் இவர் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் எதிர்ச் சுவரிலிருந்த காலண்டரை வாசித்துப் பார்த்தார், பிறகு மறு கண்ணால் வாசித்தார். ரெண்டும் தெரிந்ததும் டிரைவருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

இதற்கு நடுவில் கம்பெனியின் முடிவு வந்தது. எனக்கும் மகளுக்கும் பாலிசி உண்டு. அவருக்கு இப்போது இல்லை, சுகர் கட்டுக்கு வந்த பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம். அண்ணன் நேரில் வந்து சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். எல்லாம் என் வாயால் வந்தது என்று எனக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. இவர் என்னவோ பரீட்சையில் பாஸான மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஏறியாச்சுல்ல, அது போதும். கண்டக்டருக்கு எதுக்கு சீட்டு? எல்லாரும் உக்காந்துட்டாங்களான்னு பாத்துட்டு ஓரமா நின்னுக்கிட்டு வர வேண்டியதுதான்,” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அடுப்படிக்குள் போய் ஒரு பாத்திரத்தைப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. எல்லாம் சில்வர், உடையாது. உட்கார்ந்து அழுதேன். அவர் பின்னாலேயே வந்து, ஒன்றும் சொல்லத் தெரியாமல், பாலிசியைப் பத்திரமாக எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவரை நான் கவனித்த மாதிரி எந்தப் பிள்ளையையும் கவனித்ததில்லை. மாத்திரையைப் பையில் நானே போட்டு அனுப்பினேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இப்போது பர்ஸ் தேடாமல் பகிரங்கமாக நடந்தார். ரத்தம் சில வாரங்களில் நின்றது. ஈறு இறுகி வெளிர் ரோஜா நிறத்துக்கு வந்தது. கொல்லையில் பிளாஸ்டிக் பல் இல்லாமலேயே அவர் பாட்டுக்கு விளக்கினார், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். மூன்று மாதச் சராசரி இரண்டு தடவை எடுத்ததில் இரண்டு தடவையும் இறங்கியிருந்தது. அண்ணன் மறுபடியும் விண்ணப்பம் அனுப்பினார். இந்த முறை எல்லாக் கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி தொட்டார். பிறகு என் வீட்டுக்காரருக்கும் பாலிசி வந்தது. சுகர் சம்பந்தப்பட்டதற்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும், கட்டணமும் கொஞ்சம் கூடுதல். பரவாயில்லை, வந்தது.

பாலிசி வருவதற்கு முன்னால் கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. அவரோடு பேச வேண்டும் என்றார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து நேராக உட்கார்ந்து, நான் சொல்லாமலே ஸ்பீக்கரில் போட்டார். வேறு ஒரு பெண் குரல். ஏதாவது நோய் இருக்கிறதா சார் என்று கேட்டதுதான் தாமதம், இவர் ஆரம்பித்துவிட்டார். சுகர் இருக்கு. ஈறு நோய் இருந்துச்சு, இப்ப ஆறிருச்சு. ஒரு பல்லு எடுத்தாச்சு, மேல் பல்லு. கண்ணு நல்லாத் தெரியுது. மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அண்ணனுக்குச் சுகர் இருந்துச்சு, காலை எடுத்தாங்க, தவறிட்டாரு. அந்தப் பெண் நடுவில் நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டது.

“வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா, சார்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “பயம் இருக்கும்மா,” என்றார். “அண்ணனுக்கு ஆன மாதிரி ஆயிருமோன்னு. வண்டியில நிக்கிறப்ப காலைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிறேன். தெனமும் இருக்கு. அதை எங்கிட்டு எழுதுவீங்க?”

அந்தப் பெண், “அதுக்கு இதுல கேள்வி இல்ல, சார்,” என்றது.

“இல்லைன்னா பரவாயில்லம்மா. வீட்ல டீச்சர்கிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். நேராச் சொல்ல வரலை. பக்கத்துலதான் இருக்கு, கேட்டுக்கிச்சு.”

நன்றி சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் மொபைலின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எனக்கும் பயம்தாங்க,” என்றேன்.